பெயர் மறந்த கதையைத் தேடுவது எப்படி: கதை வந்த வழியே தடயம்

சிறு வயதில் வாசித்த விஞ்ஞானப் புனைகதை ஒன்றோ மாயாஜாலக் கதை ஒன்றோ பல ஆண்டுகள் கழித்துத் திடீரென நினைவில் எழுவதும், காட்சி கண்முன் நிற்கப் பெயர் மட்டும் பிடிபடாமல் போவதும் வாசிப்புப் பழக்கம் உள்ள எவருக்கும் நேர்வதுதான். அண்மைக்காலத்தில் இதனோடு புதிய குழப்பம் ஒன்று சேர்ந்திருக்கிறது. நினைவில் மிஞ்சிய துண்டுகளைச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் கொடுத்தால், அவை சற்றும் தயங்காமல் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. அந்த விபரங்களை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நூலகம் நூலகமாக ஏறி இறங்கிய பிறகுதான், அப்படி ஒரு புத்தகம் எந்த அச்சகத்திலிருந்தும் வெளிவரவில்லை என்பது தெரியவருகிறது.

பிழை நினைவில் இருக்கிறதா, செயலியில் இருக்கிறதா என்ற கேள்விக்கு, இரண்டிலும் இருக்கிறது என்பதே விடை. இலங்கையின் கிழக்கில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு மூன்றாவது சிக்கல் ஒன்றும் உண்டு. இந்தக் கதைகளில் பெரும்பாலானவை இங்கே பிறந்தவை அல்ல. மொழிபெயர்ப்பு, சுருக்கம், சித்திரக்கதை, வானொலி, வாய்மொழி என்று கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒன்றை இழந்தும் பெற்றும் வந்து சேர்ந்தவை. ஆகவே கதையில் என்ன நடந்தது என்பதைவிட, கதை எந்த வழியாகக் கைக்கு வந்தது என்பதே பல வேளைகளில் நம்பத்தக்க தடயமாகிறது.

நினைவில் எது தங்குகிறது, எது போகிறது

ஒரு கதையைப் பற்றிய நினைவை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது சாரம்: யாருக்கு என்ன நேர்ந்தது என்ற எலும்புக்கூடு. இரண்டாவது சொல்வடிவம்: தலைப்பு, பாத்திரப் பெயர்கள், குறிப்பான வசனங்கள். மூன்றாவது மூலம்: எங்கே, எப்போது, எந்த வடிவில் அதைச் சந்தித்தோம் என்ற விபரம். இவற்றுள் சொல்வடிவம் முதலில் உதிர்கிறது. சாரம் நீண்ட காலம் நிற்கிறது. ஆனால் நின்றபடியே உருமாறுகிறது.

அந்த உருமாற்றத்தை ஆராய்ந்தவர் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெட்ரிக் பார்ட்லெட். வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிக்கதை ஒன்றை வாசிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் எழுதச் சொன்னார். முடிவுகளை 1932இல் நூலாக வெளியிட்டார். வாசித்தவர்கள் தமக்குப் பழக்கமில்லாதவற்றை விட்டுவிட்டார்கள், அல்லது பழக்கமானவையாக மாற்றிக்கொண்டார்கள். மரத்தைக் குடைந்து செய்த ஓடம் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடியாயிற்று. தாம் மாற்றிவிட்டோம் என்பது மாற்றியவர்களுக்கே தெரியவில்லை.

இதை மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள கல்லடிக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். நிலவுநாளில் பாலத்தடியில் மீன் பாடும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, ஏரியில் வாழும் விசித்திர உயிரினம் பற்றிய அந்நியக் கதை ஒன்றை வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதில் அதைச் சொல்லும்போது ஏரி வாவியாகியிருக்கும். ஊமையாக இருந்த உயிரினம் பாடத் தொடங்கியிருக்கும். அந்தப் பாட்டைத் தேடல் சொல்லாகக் கொடுத்தால், தேடல் முதல் அடியிலேயே வழி தவறிவிடும். எனவே நினைவில் உள்ளவற்றுள் நம் ஊரோடு மிக நன்றாகப் பொருந்தும் விபரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்பதை, ஏன் நினைவில் நிற்கிறது என்றே தெரியாத அற்ப விபரத்தை, மேலானதாக மதிக்க வேண்டும். மனம் அதைச் சீர்ப்படுத்தாமல் விட்டிருக்கிறது.

தலைப்பு நாவின் நுனியில் நிற்கும் நிலையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1966இல் ரோஜர் பிரவுண், டேவிட் மக்நீல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், அருஞ்சொற்களின் பொருளைச் சொல்லி அந்தச் சொல்லைக் கேட்டார்கள். சொல் வாய்க்கு வராமல் தவித்தவர்களும் அதன் முதல் எழுத்தைப் பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் சரியாக ஊகித்தார்கள். எத்தனை அசைகள் என்பதையும் ஓரளவு சொன்னார்கள். ஆகவே "ம-வில் தொடங்கும், மூன்று சொல் தலைப்பு" என்ற மங்கலான உணர்வை எழுதி வைப்பதில் பயன் உண்டு. ஒரு நிபந்தனை: அந்த உணர்வு தமிழ்த் தலைப்புக்கு உரியது. மூலமொழித் தலைப்பு வேறு எழுத்தில் தொடங்கியிருக்கும்.

ஒன்றுக்குள் ஒன்று கலந்த கதைகள்

பெயர் மறந்தோர் கேட்கும் கதைகளில் தனிப்புகழ் பெற்ற ஒன்று உண்டு: ஐசக் அசிமோவ் 1956இல் வெளியிட்ட 'தி லாஸ்ட் குவெஸ்சன்', அதாவது கடைசிக் கேள்வி. "தலைப்பு நினைவில்லை, எழுதியவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்" எனத் தம்மிடம் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையையே தேடுகிறார்கள் என்று அசிமோவே பதிவு செய்திருக்கிறார். தொலைபேசியில் அழைத்த ஒருவர் கதையைச் சொல்லத் தொடங்குமுன்பே இவர் தலைப்பைச் சொன்னாராம். அதுதான் என்று உறுதியாயிற்றாம். கதை மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிய, தலைப்பும் எழுதியவர் பெயரும் அவ்வளவு எளிதில் கழன்றுவிடுகின்றன.

சிக்கல் என்னவென்றால், "கணினியிடம் கடவுளைப் பற்றி ஏதோ கேட்பார்கள், நட்சத்திரங்கள் அணைந்துபோகும்" என்று ஒருவர் சொன்னால் அது மூன்று கதைகளில் எதுவாகவும் இருக்கலாம். 1953இல் ஆதர் சி. கிளார்க் எழுதிய கதையில் (அவர் இலங்கைக்குக் குடிவந்தது அதற்கு மூன்றாண்டுகளின் பின், 1956இல்) திபெத்தியத் துறவிகள் இறைவனின் தொள்ளாயிரம் கோடிப் பெயர்களையும் பட்டியலிடக் கணினி ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார்கள். வேலை முடியும் தறுவாயில் மலையிலிருந்து இறங்கும் பொறியியலாளர்களின் தலைக்குமேல் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. 1954இல் பிரெட்ரிக் பிரவுண் எழுதிய ஒரு பக்கக் குறுங்கதையில் அண்டத்தின் கணினிகள் எல்லாம் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. கடவுள் உண்டா என்று கேட்கிறார்கள். "இப்போது உண்டு" என்று பதில் வருகிறது. அசிமோவின் கதையிலோ கேள்வி கடவுளைப் பற்றியதே அல்ல. அண்டத்தின் ஆற்றல் கரைந்து தீர்ந்துபோவதைத் திருப்ப முடியுமா என்று யுகம் யுகமாகக் கேட்கப்படுகிறது. தரவு போதாது என்ற பதிலே திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாம் அணைந்த பின் கணினி "ஒளி உண்டாகட்டும்" என்கிறது.

மூன்றையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். கேட்டது யார்: துறவிகளா, விஞ்ஞானிகளா, தலைமுறை தலைமுறையாக வந்த மனிதர்களா? கேள்வி ஒருமுறை வந்ததா, பலமுறையா? கடைசிக் காட்சியில் வெளிச்சம் போயிற்றா, வந்ததா? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டாலும் ஒன்றுக்காவது பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

இதைவிடச் சிக்கலானது, இரண்டு கதைகள் ஒட்டி ஒன்றாகிவிடுவது. விளக்கத்துக்காக ஒரு கேள்வியைக் கற்பனை செய்துகொள்வோம். களுவாஞ்சிகுடியில் வளர்ந்த வாசகர் ஒருவர் இப்படி எழுதுகிறார்: "ஓயாமல் மழை பெய்யும் ஓர் உலகம். அங்கே ஒரு பாடசாலை. ஒரு பெண்பிள்ளையை மற்றப் பிள்ளைகள் அலுமாரிக்குள் பூட்டிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சூரியன் வரும். பிறகு முழு இருட்டாகி, சனங்கள் பைத்தியம் பிடித்து ஊரையே கொளுத்துவார்கள்."

இதில் பாதி, ரே பிராட்பரி 1954இல் எழுதிய வெள்ளிக் கோள் கதை. ஏழாண்டுக்கு ஒருமுறை மட்டும் சொற்ப நேரம் வெயில் எறிக்கும் அந்தக் கோளில், பூமியில் சூரியனைப் பார்த்த நினைவுள்ள ஒரேயொரு சிறுமியைப் பொறாமையால் பூட்டிவைக்கிறார்கள். மற்றப் பாதி அசிமோவ் 1941இல் எழுதிய 'நைட்ஃபோல்'. ஆறு சூரியன்கள் உள்ள உலகில் 2,049 ஆண்டுக்கு ஒருமுறைதான் இருள் சூழும். அந்த இருளில் நட்சத்திரங்களைக் கண்டு மக்கள் மதிகெட்டு, வெளிச்சத்துக்காக நகரத்துக்கே தீ வைக்கிறார்கள். ஒன்று சூரியன் அரிதான உலகம், மற்றையது இரவு அரிதான உலகம். எலும்புக்கூடு ஒன்றுதான், தலைகீழாக நிற்கிறது. சாரத்தை மட்டும் சேமிக்கும் மனம் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது.

ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. நல்ல விஞ்ஞானப் புனைகதை பெரும்பாலும் ஒரே ஒரு விதியை மாற்றி, அதன் விளைவுகளைப் பின்தொடரும். நினைவில் உள்ள இரண்டு விபரங்கள் இரண்டு வேறு விதிகளைக் கேட்குமானால், அவை இரண்டு கதைகள். ஆண்டுக்கணக்காக மழையிருட்டில் வாழும் மக்களுக்கு இருளைக் கண்டு பைத்தியம் பிடிக்கக் காரணமே இல்லை. அந்த இடத்தில் வெட்டி, இரண்டு தனித் தேடல்களாக நடத்த வேண்டும். ஒன்றாகத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

கிழக்குக்குக் கதை வந்த வழிகள்

வழியை அறிந்தால் எந்த விபரத்தை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதும் தெரிந்துவிடும்.

அம்புலிமாமா 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றாகத் தொடங்கிய இதழ். பிறகு பல மொழிகளுக்குப் பரவியது. சிங்களத்திலும் சில காலம் வெளிவந்தது. அதில் பல கதைகள் எழுதியவர் பெயர் இல்லாமலே அச்சாயின. ஆகவே அம்புலிமாமா வழியாக வந்த கதைக்கு ஆசிரியரைத் தேடி அலைவதில் பொருளில்லை. படத்தைத் தேட வேண்டும். சித்ராவும் சங்கரும் வரைந்த படங்களே எல்லா மொழிப் பதிப்புகளிலும் சென்றன. தமிழ்ப் பிரதி கிடைக்காவிட்டால் தெலுங்குப் பிரதியையோ இந்திப் பிரதியையோ புரட்டி, மொழி தெரியாமலே கதையை அடையாளம் காணலாம்.

சித்திரக்கதைகளின் கதை வேறு. முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. உலோகக் கை பொருத்திய, மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய உடல் மறைந்துவிடும் அந்த மனிதனைத் தெரியாத வாசகர் அந்தத் தலைமுறையில் குறைவு. ஆனால் 'மாயாவி' என்ற பெயர் தமிழ்ப் பதிப்பு சூட்டியது. மூலம் 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரித்தானிய வார இதழில் தொடங்கிய 'த ஸ்டீல் கிளா', அதாவது எஃகு நகக்கை. மாயாவி என்று ஆங்கிலத்தில் எத்தனை தடவை தட்டச்சு செய்தாலும் அது அகப்படாது. மிக உறுதியாக நினைவிருக்கும் பெயரே இங்கே பயனற்றதாகிறது. "கை மட்டும் தெரியும்" என்ற காட்சி பயன்படுகிறது.

தொடர்கதைகள் இன்னொரு வழி. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயைப்போலப் பெயர் தனித்துவமாக இருந்தால் அடையாளம் காண்பதில் சிரமமில்லை. ஆனால் அதற்கும் 'மீண்டும் ஜீனோ' என்ற தொடர்ச்சி உண்டு. நாய் மட்டும் நினைவிருப்பவருக்கு எந்த நூல் என்பது அப்போதும் தெரியாது. மொஸ்கோவில் தமிழில் அச்சாகி, நல்ல தாளில், மலிவு விலையில் வந்த சோவியத் நூல்களையும் இங்கே சேர்க்க வேண்டும். தோழர் ஒருவர் தந்தார், தாள் வழவழப்பாக இருந்தது, பெயர்கள் நீளமாக இருந்தன என்றால் தேடல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

அம்பாறை மாவட்டத்தவர் பலர் நினைக்க மறக்கும் வழி ஒன்று இருக்கிறது. இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பின், சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த போன்றோரின் முயற்சியால் வெளிநாட்டுச் சிறுவர் படங்களும் கார்ட்டூன்களும் சிங்களக் குரலோடு ஒளிபரப்பாயின. அவற்றைப் பார்த்த தமிழ்ப் பிள்ளை, முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கதையைத் தமிழிலேயே நினைவுகூர்கிறது, வாசித்ததாகக்கூட நம்புகிறது. சாரத்துக்கு மொழி இல்லை. புத்தகம் என்று உறுதியாகச் சொல்பவரிடம் "அதில் பாட்டு இருந்ததா?" என்று கேட்டுப் பார்க்கலாம். இராகம் நினைவுக்கு வந்தால் அது புத்தகம் அல்ல.

பொருள் சொல்லும் சாட்சி

கதை மறந்தாலும் கையில் இருந்த பொருள் மறப்பதில்லை: தாளின் மணம், எழுத்தின் உருவம், விலை அச்சிட்ட மூலை. இவற்றை அற்பம் என்று கருதிச் சொல்லாமல் விடுவதாலேயே பல தேடல்கள் தோற்கின்றன.

1. எழுத்துருவம். லை, னை, ணை போன்றவற்றில் ஐகாரக் குறி யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய வடிவம் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ஆகவே இந்திய நூலாயின் அது பெரும்பாலும் அதற்கு முந்தியது. இலங்கை அச்சகங்களில் பழைய ஈய எழுத்துகள் அதன் பின்னரும் புழங்கியதால், இங்கே அச்சான நூலுக்கு இந்த எல்லை பொருந்தாது.

2. விலை. "ந.பை." என்று அச்சிட்டிருந்தால் அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட இந்தியப் பதிப்பு, நயா பைசா என்ற பெயர் அந்த ஏழாண்டுகள் மட்டுமே புழங்கியது. "சதம்" என்றால் இலங்கை விலை.

3. எழுத்துக்கூட்டல். இது மிகவும் கூர்மையான தடயம், ஆனால் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது. பிறமொழிச் சொற்களை இலங்கையில் ஒருவிதமாகவும் தமிழ்நாட்டில் வேறுவிதமாகவும் எழுதுகிறோம். "ரொக்கெட்", "டொக்டர்", "கொம்பியூட்டர்", "கணனி" என்று கண்ணில் நிற்குமானால் நூல் இங்கே அச்சானது. "ராக்கெட்", "டாக்டர்", "கம்ப்யூட்டர்" என்றால் அக்கரை. தேடுபொறியில் தேடும்போதும் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடாவிட்டால் பாதி நூல்கள் கண்ணில் படா.

4. ஒட்டிக் கட்டிய தொகுதி. வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, சோற்றுப் பசையோ கோதுமைமாப் பசையோ தடவி, காக்கி அட்டை போட்டுக் கட்டிவைக்கும் வழக்கம் வீடுகளிலும் வாசிகசாலைகளிலும் இருந்தது. அப்படிப்பட்ட தொகுதிக்குத் தலைப்புப் பக்கம் இல்லை, பதிப்பகம் இல்லை, ஆண்டும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தாளின் மறுபக்கத்திலும் கதைக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று இருந்திருக்கும்: சவர்க்கார விளம்பரம், சமையற்குறிப்பின் பாதி, "விரைவில்" என்ற அறிவிப்போடு ஒரு படத்தின் விளம்பரம். கதை நடுவில் அறுந்த இடத்தில் கண்ட அந்த நடிகரின் முகம் நினைவிருந்தால், படம் திரைக்கு வந்த ஆண்டைப் பார்த்துக் கதையின் ஆண்டை மாதக் கணக்கில் நெருங்கலாம். ஆசிரியர் பெயரைவிட இந்தச் சவர்க்காரமும் நடிகரும் எத்தனையோ மடங்கு பயன்படுவார்கள்.

5. இறக்குமதி. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அது தளர்ந்தது. இடைக்காலத்தில் வீரகேசரிப் பிரசுரங்கள் போன்ற உள்ளூர் வெளியீடுகள் பெருகின. 1974 அளவில் கடையில் புதிதாக வாங்கிய நாவல் என்றால், உள்ளூர் வெளியீடுகளிலிருந்து தேடலைத் தொடங்குவது நல்லது.

ஆண்டை நிறுவுதல்

"சின்ன வயதில்" என்பது ஆண்டல்ல. மனம் பழைய நிகழ்ச்சிகளை உண்மையில் நடந்ததைவிட அண்மையில் நடந்தவையாகக் கணிக்கும் போக்குடையது. 1983இல் எலிசபெத் லொஃப்டஸும் வெஸ்லி மார்பர்கரும் இதற்கு ஒரு மாற்றைச் சோதித்தார்கள். "கடந்த ஆறு மாதத்தில்" என்று கேட்பதற்குப் பதிலாக "செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பிறகு" என்று கேட்டபோது பிழை குறைந்தது. மறக்க முடியாத நிகழ்ச்சி ஒன்று வேலிக்கம்பம்போல் நின்று, முன்னதையும் பின்னதையும் பிரித்துக் காட்டியது.

மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு இத்தகைய கம்பங்களுக்குக் குறைவில்லை. அவை இல்லாதிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பது வேறு விடயம். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளிக்கு முன்னரா, பின்னரா? 1990 இடப்பெயர்வுக்கு முன்னரா? 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலைக்கு முன் அந்தப் புத்தகம் வீட்டில் இருந்ததா? இக்கேள்விகளுக்கு மிகப் பலரால் உடனே பதில் சொல்ல முடிகிறது. "கூரைத் தகரம் பறந்த அன்று நனைந்து போன புத்தகங்களில் அதுவும் ஒன்று" என்ற ஒரு வாக்கியம், 1978க்குப் பிந்திய நூல்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் விலக்கிவிடும்.

கதைக்குள்ளேயும் காலக்குறி இருக்கலாம். வெள்ளிக் கோளில் காடும் மழையும் இருந்தால் அது பெரும்பாலும் 1962க்கு முன் எழுதப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் மரினர் 2 விண்கலம் அக்கோளைக் கடந்து சென்று, அது கொதிக்கும் வெப்பமுடையது என்பதைக் காட்டிவிட்டது. செவ்வாயில் கால்வாய் வெட்டி வாழும் மனிதர்களுக்கு 1965இல் மரினர் 4 அனுப்பிய படங்கள் அதே வேலையைச் செய்தன. எழுதிய ஆண்டு, தமிழில் அச்சான ஆண்டு, கையில் கிடைத்த ஆண்டு மூன்றும் வேறு என்பதை மட்டும் கலந்துவிடக் கூடாது. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் இருப்பது சாதாரணம்.

நூலே இல்லாத கதைகள்

ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு குகையில், ஒரு கூண்டில், ஒரு கிளி. அந்தக் கிளியின் கழுத்தைத் திருகினால்தான் மந்திரவாதி சாவான். இந்தக் கதையின் பெயர் என்ன, எந்தப் புத்தகம் என்று கேட்பவர்களுக்கு விடை சொல்ல இயலாது. காரணம், அது தனி ஒரு கதை அல்ல, கதைவகை. நாட்டார் கதைகளை ஒப்பிடும் அறிஞர்கள் பயன்படுத்தும் ஆர்னே–தொம்சன்–ஊதர் அட்டவணையில் இதற்கு 302 என்ற எண் உண்டு. உடலுக்கு வெளியே ஒளித்த உயிர் என்ற கூறுக்குத் தொம்சனின் கூறடைவில் (கதைக்கூறுகளின் பட்டியலில்) ஈ710 என்ற தனி எண்ணும் உண்டு. ரஷ்யாவில் அந்த உயிர் முட்டைக்குள் இருக்கும் ஊசியில் இருக்கிறது, நம்மிடம் கிளியில் இருக்கிறது.

"மறுகா… மறுகா…" (பிறகு, பிறகு) என்று அம்மம்மா நீட்டிக்கொண்டுபோன கதையாக இருந்தால் அச்சு நூலைத் தேடுவது வீண். மதனகாமராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை, ஆயிரத்தொரு இரவுகள் ஆகியவற்றிலிருந்து எடுத்த துண்டுகளோடு, வடமோடிக் கூத்தில் கண்ட ஒரு காட்சியும் சேர்ந்து, அன்றைய இரவுக்கென்று கட்டப்பட்டதாகவே அது இருந்திருக்கும். அக்கரைப்பற்றில் ஒரு வீட்டில் சொன்ன அதே கதைக்கும் காரைதீவில் சொன்னதற்கும் முடிவு வேறாயிருந்தால் இரண்டும் சரியே. இங்கே கேட்க வேண்டிய கேள்வி எந்தக் கதைவகை என்பது மட்டும்.

செயலி ஏன் இல்லாத நூலைச் சொல்கிறது

உரையாடல் செயலியின் அடித்தளம் நூற்பட்டியல் அல்ல. ஏராளமான உரைகளைக் கற்று, ஒரு சொல்லின் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கும் மொழி மாதிரி அது. "அந்தக் கதையின் தலைப்பு" என்ற சொற்களுக்குப் பின் தலைப்புப் போன்ற ஒன்று வருவதே இயல்பு. ஆகவே அது வருகிறது. பலமுறை எழுதப்பட்ட கதைகளுக்கு, அசிமோவின் கடைசிக் கேள்வி போன்றவற்றுக்கு, இந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாக அமையும். 1970களில் இலங்கையில் அச்சான தமிழ்க் குறுநாவலைப் பற்றி இணையத்தில் இரண்டு வரிகூட இல்லாதபோது, கணிக்க ஆதாரம் இருக்காது. வாக்கியத்தின் உறுதி மட்டும் குறையாது. அத்தோடு நாம் சொன்ன பிழையான விபரத்தையும் அது ஏற்றுக்கொண்டு, மீன் பாடும் கதையையே தேடிக் கொடுக்கும்.

ஆகவே அதனிடம் தலைப்பைக் கேட்பதைவிட, நினைவில் உள்ள காட்சியைப் பல விதமான ஆங்கிலத் தேடல் சொற்களாக மாற்றித் தரக் கேட்பது பயனுள்ளது. அது தலைப்பு ஒன்றைச் சொன்னால், நூற்பட்டியலில் காணும்வரை அதை ஒரு வதந்தியாகவே கருத வேண்டும்.

பட்டியல்கள்

ஈழத்து வெளியீடு என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் பழைய நூல்களும் சிறுவர் சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாகவே வாசிக்கக் கிடைக்கின்றன. நூலகவியலாளர் என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளிவரும் நூல்விபரப் பட்டியல். ஒவ்வொரு நூலுக்கும் சிறு குறிப்பு இருப்பதால் சாரத்தை வைத்தே தேட முடிகிறது. தமிழ்நாட்டு வெளியீடுகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆங்கில மூலம் என்றால், 1995 முதல் இயங்கும் அனைத்துலக ஊகப்புனைவுத் தரவுத்தளத்தில் (ISFDB) ஒரு கதை எந்தெந்தத் தொகுப்புகளில் இடம்பெற்றது என்பது வரிசையாக உண்டு. "அதே புத்தகத்தில் இன்னொரு கதையும் இருந்தது" என்று சொல்ல முடிந்தவருக்கு அது பெரும் உதவி; இரண்டு கதைகளும் சந்திக்கும் தொகுப்புகள் சிலவே இருக்கும்.

கிடைத்தது அதுதானா

நூல் ஒன்று அகப்பட்டதும் "இதுதான்" என்ற மகிழ்ச்சி முந்திக்கொள்ளும். அட்டைப்படத்தைப் பார்த்த மறுகணமே அது முன்பே நினைவிருந்தது போலவும் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பாதிருக்க ஒரே வழி, தேடத் தொடங்குமுன் நினைவிலுள்ள எல்லாவற்றையும் திகதியிட்டு எழுதி வைப்பதும், அவற்றுள் ஒன்றிரண்டை யாருக்கும் எந்தச் செயலிக்கும் சொல்லாமல் ஒதுக்கி வைப்பதும் ஆகும். ஒதுக்கி வைத்த விபரம் நூலில் இருந்தால் அடையாளம் உறுதி.

பொருந்தாத விபரங்களை எடைபோடுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். பாத்திரப் பெயர் பொருந்தாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் மாற்றியிருக்கலாம். ஊர் பொருந்தாவிட்டால் வாசகரின் மனம் மாற்றியிருக்கலாம். முடிவு பொருந்தாதபோதுதான் பலர் நூலையே நிராகரித்துவிடுகிறார்கள். ஆனால் கைமாறிக் கைமாறி வந்த புத்தகத்தில் முதலில் கழன்றுபோவது அட்டை. அடுத்துப் போவது முதற்பக்கங்களும் கடைசிப் பக்கங்களும். நடுப்பாரங்கள்தான், அதாவது நடுவிலுள்ள தாள்கட்டுகள்தான், நூலோடு ஒட்டி நிற்கும். எனவே தலையும் வாலும் இல்லாத பிரதியை வாசித்த பிள்ளையின் நினைவில், நடுவே வரும் அலுமாரியும் மழையும் நூலிலிருந்து வந்தவை. முடிவு, அடுத்த பக்கம் இல்லாததைக் கண்டு அன்றிரவு படுக்கையில் அந்தப் பிள்ளையே கட்டியதாக இருக்கலாம்.